எம்டன் கப்பலின் தலைவரும் அவர் பெற்ற பதக்கங்களும்

சென்னையின் மீது 1914 ஆம் ஆண்டு குண்டு வீசிய எம்டன் கப்பலின் பெயரை அறியாத தமிழர் மிகக் குறைவு. அந்தக் கப்பலைச் செலுத்திய கார்ல் ஃபான் முல்லரின் பெயரோ தமிழர்களிடையே அவ்வளவாக அறியப்படவில்லை. ஆனால் ஜெர்மன் பேரரசின் இராணுவப் பதக்கங்களைச் சேகரிப்போரிடையே நிலைமை நேர்மாறானது. அவர்களுக்கு முல்லர் நன்கு அறிமுகமானவர். பேரரசின் மிக உயர்ந்த போர் விருதைப் பெற்ற கடற்படைத் தலைவர்களுள் அவரும் ஒருவர்.

போர் முடிந்து ஒரு நூற்றாண்டுக்கும் மேலான பிறகும், ஐரோப்பாவின் ஏல மையங்களிலும் பழம்பொருள் சந்தைகளிலும் ஜெர்மன் பேரரசுக் காலத்துப் பதக்கங்கள் கைமாறி வருகின்றன. அவற்றுள் சேகரிப்போர் பெரிதும் விரும்புவது தனிப் பதக்கங்களை அல்ல. ஒரே மனிதர் தம் பணிக்காலம் முழுவதும் பெற்ற பதக்கங்கள், அவற்றிற்குரிய வண்ண நாடாக்களோடு வரிசையாகத் தைக்கப்பட்ட பட்டைகளையே அவர்கள் தேடுகின்றனர். சீருடையின் இடப்பக்க மார்பில் அணியப்பட்ட இந்தப் பதக்கப் பட்டை, அணிந்தவரின் பணி வரலாற்றுச் சுருக்கம் என்று கருதப்படுகிறது.

ஒரு மனிதரின் வாழ்வை அவருடைய பதக்கங்களைக் கொண்டு எந்த அளவுக்கு அறிய முடியும்? இந்தக் கேள்விக்கு முல்லரின் வரலாறு தெளிவானதொரு விடையைத் தருகிறது.

பதக்கப் பட்டை கூறும் செய்தி

ஜெர்மன் பேரரசு பல அரசுகளின் கூட்டமைப்பாக இருந்தது. பிரஷ்யா, பவேரியா, சாக்சனி, வூர்ட்டம்பெர்க் ஆகிய முடியரசுகளும் பல சிற்றரசுகளும் தத்தமக்கெனத் தனி விருதுகளை வழங்கின. எந்தப் பதக்கம் முதலில் வரவேண்டும், எது அடுத்து வரவேண்டும் என்பதற்கு விதிகள் இருந்தன. ஆகவே, பட்டையில் உள்ள வரிசையைக் கொண்டே அதன் உரிமையாளர் எந்த அரசின் குடிமகன் என்பதைப் பெரும்பாலும் ஊகித்துவிடலாம்.

நாடாவின் நிறத்திற்கும் பொருள் உண்டு. போர்முனையில் பணியாற்றியவருக்கு வழங்கப்பட்ட இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவை, வெள்ளை ஓரங்கொண்ட கறுப்பு நாடாவில் தொங்கியது. போர்முனைக்கு வெளியே பணியாற்றியவருக்கு அதே சிலுவை, கறுப்பு ஓரங்கொண்ட வெள்ளை நாடாவில் வழங்கப்பட்டது. சில விருதுகளில் குறுக்காகப் பொருத்தப்பட்ட இரு வாள்கள், அவை போர்ச் செயலுக்காகக் கொடுக்கப்பட்டவை என்பதைக் குறித்தன.

எல்லா விருதுகளும் பட்டையில் இடம்பெறுவதில்லை. முதல் வகுப்பு இரும்புச் சிலுவைக்கு நாடா கிடையாது. அது நேராகச் சீருடையில் குத்தப்பட்டது. பிரஷ்யாவின் மிக உயர்ந்த போர் விருதான பூர் லெ மெரித், கழுத்தில் அணியப்பட்ட நீல நிறச் சிலுவை ஆகும். மன்னர் இரண்டாம் ஃபிரெடரிக் 1740 ஆம் ஆண்டு தோற்றுவித்த இந்த விருதுக்கு, அக்காலத்துப் பிரஷ்ய அரசவையில் வழங்கிய பிரெஞ்சு மொழியிலேயே பெயர் அமைந்தது. முதல் உலகப் போரின்போது இரண்டாம் வகுப்பு இரும்புச் சிலுவை சுமார் 50 லட்சம் பேருக்கு வழங்கப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. முதல் வகுப்பைப் பெற்றவர்கள் 2 லட்சத்திற்குச் சற்றே அதிகம். பூர் லெ மெரித் விருதைப் பெற்றவர்களோ 700 பேருக்கும் குறைவு.

பட்டைகளில் உரிமையாளரின் பெயர் பொதுவாகப் பொறிக்கப்படுவதில்லை. அரிதான பதக்கங்கள் இடம்பெற்றிருந்தால், பேரரசின் படைகள் வெளியிட்ட அதிகாரிகள் பட்டியல்களோடு அவற்றை ஒப்பிட்டு, அதே விருதுகளைப் பெற்ற அதிகாரி யார் என்று ஆய்வாளர்கள் கண்டறிகின்றனர். அந்தப் பட்டியல்களில் ஒவ்வோர் அதிகாரியின் பெயருடனும் அவர் பெற்ற விருதுகள் சுருக்கக் குறிகளாக அச்சிடப்பட்டிருந்தன.

ஹனோவரில் இருந்து கிழக்கு ஆப்பிரிக்கா வரை

கார்ல் ஃபான் முல்லர் 1873 ஆம் ஆண்டு ஜூன் 16 ஆம் நாள் ஹனோவரில் பிறந்தார். தந்தை பிரஷ்யத் தரைப்படையில் கர்னலாக இருந்தவர். ஹனோவரிலும் கீல் நகரிலும் பள்ளிப் படிப்பை மேற்கொண்ட முல்லர், பின்னர் புளோன் நகரின் இராணுவப் பள்ளியில் சேர்ந்தார். தந்தையின் வழியில் தரைப்படைக்குச் செல்லாமல், 1891 ஆம் ஆண்டு கடற்படையைத் தேர்ந்தெடுத்தார். பேரரசர் இரண்டாம் வில்லியத்தின் ஆட்சியில் ஜெர்மன் கடற்படை வேகமாக வளரத் தொடங்கிய காலம் அது.

பயிற்சிக் கப்பல்களிலும் பின்னர் போர்க்கப்பல்களிலும் பணியாற்றிய அவர், ஷ்வால்பே என்ற சிறு கப்பலில் ஜெர்மன் கிழக்கு ஆப்பிரிக்காவிற்கு, அதாவது இன்றைய தான்சானியக் கடற்கரைக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவரை மலேரியா பற்றிக்கொண்டது. வாழ்நாள் முழுவதும் அவரை விடாத நோய் அது. 1900 ஆம் ஆண்டு அவர் தாயகம் திரும்பினார்.

அதிகம் பேசாதவர், கூச்ச சுபாவம் உடையவர், பணியில் கண்டிப்பானவர் என்று உடன் பணியாற்றியோர் அவரை நினைவுகூர்ந்துள்ளனர். பெர்லினில் கடற்படை அமைச்சகத்தில் பணியாற்றியபோது, அமைச்சர் டிர்பிட்ஸின் நன்மதிப்பைப் பெற்றார். அதன் பயனாக, 1913 ஆம் ஆண்டு எம்டன் என்ற இலகு ரகப் போர்க்கப்பலின் தலைமை அவருக்குக் கிடைத்தது.

டான்சிக் நகரின் அரசுக் கப்பல் கட்டும் தளத்தில் உருவான எம்டன், 1908 ஆம் ஆண்டு மே மாதம் நீரில் இறக்கப்பட்டது. ஏறத்தாழ 118 மீட்டர் நீளமும் 10.5 சென்டிமீட்டர் விட்டங்கொண்ட 10 பீரங்கிகளும் உடைய அந்தக் கப்பல், சீனாவில் ஜெர்மனியின் வசம் இருந்த சிங்தாவ் துறைமுகத்தைத் தளமாகக் கொண்டு இயங்கியது. அதன் வடிவழகு காரணமாகக் கீழ்த்திசையின் அன்னம் என்று அது அழைக்கப்பட்டது.

1913 ஆம் ஆண்டு யாங்சி ஆற்றங்கரையில், நான்ஜிங் அருகே கிளர்ச்சியாளர்களின் கோட்டைகள் மீது எம்டன் குண்டு வீசியது. அதற்காக முல்லருக்கு, வாள்கள் பொருத்தப்பட்ட மூன்றாம் வகுப்புப் பிரஷ்ய மகுட விருது வழங்கப்பட்டது. அவரைப் பற்றிய குறிப்புகளில் தெளிவாகக் காணப்படும் முதல் போர் விருது இதுவே. ஐரோப்பிய வல்லரசு ஒன்று சீனாவின் உள்நாட்டு மோதலில் தலையிட்டதற்கு அடையாளமான பதக்கம் அது என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது.

வங்கக் கடலில் தனிக்கப்பல்

1914 ஆம் ஆண்டு ஆகஸ்டில் உலகப் போர் மூண்டது. எம்டன் தன் முதல் வேட்டையாக ரஷ்யாவின் ரியாசான் கப்பலைக் கைப்பற்றியது. மரியானாத் தீவுக்கூட்டத்தின் பாகன் தீவில் ஜெர்மனியின் கிழக்காசியக் கப்பற்படை ஒன்றுகூடியது. அதன் தளபதி மாக்சிமிலியன் ஃபான் ஷ்பே, தம் கப்பல்களுடன் தென் அமெரிக்கா நோக்கிச் செல்ல முடிவு செய்தார். ஒரு கப்பலையாவது இந்தியப் பெருங்கடலுக்கு அனுப்பினால் பிரிட்டிஷ் வாணிகத்தைப் பெரிதும் குலைக்கலாம் என்பது முல்லரின் கருத்து. ஷ்பே அதை ஏற்றார். எம்டன், மார்க்கோமானியா என்ற நிலக்கரிக் கப்பலுடன் தனியே பிரிந்து சென்றது.

எம்டனுக்குப் புகைபோக்கிகள் மூன்று. துணைத் தலைவர் ஹெல்முட் ஃபான் முக்கேயின் யோசனைப்படி நான்காவதாக ஒரு போலிப் புகைபோக்கி அமைக்கப்பட்டது. தொலைவில் இருந்து பார்ப்போருக்கு அது பிரிட்டிஷ் போர்க்கப்பல் போலத் தோன்றியது.

செப்டம்பர் 10 ஆம் நாள் முதல் வங்கக் கடலில் கப்பல்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சிக்கின. முல்லர் கடைப்பிடித்த முறை ஏறக்குறைய எப்போதும் ஒன்றாகவே இருந்தது. எதிரி நாட்டு வணிகக் கப்பலை நிறுத்துவார். மாலுமிகளையும் பயணிகளையும் இறக்குவார். தேவையான நிலக்கரியையும் உணவுப் பொருள்களையும் எடுத்துக்கொள்வார். அதன் பின்னரே கப்பல் மூழ்கடிக்கப்படும். நடுநிலை நாடுகளின் கப்பல்களை விட்டுவிடுவார். பிடிபட்ட மாலுமிகளைக் கபிங்கா என்ற கப்பலில் ஏற்றிக் கல்கத்தாவுக்கு அனுப்பிவைத்தார். அத்தகைய பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களில் இந்தியக் கடலோடிகள் ஏராளமாகப் பணியாற்றினர் என்பது குறிப்பிடத்தக்கது.

இந்த நடத்தை எதிரி நாட்டிலும் அவருக்கு மதிப்பைத் தேடித்தந்தது. போர்க்காலத்திலேயே பிரிட்டிஷ் நாளேடுகள் அவரைக் கண்ணியமான எதிரி என்று பாராட்டி எழுதின.

சென்னையில் அந்த இரவு

1914 ஆம் ஆண்டு செப்டம்பர் 22 ஆம் நாள் இரவு சுமார் ஒன்பதரை மணிக்கு எம்டன் சென்னைத் துறைமுகத்தை நெருங்கியது. நகரின் விளக்குகள் அணைக்கப்படவில்லை. அந்நாளில் உயர் நீதிமன்றக் கட்டடத்தின் உச்சியில் இருந்த கலங்கரை விளக்கமும் எரிந்துகொண்டிருந்தது. கப்பல் தன் தேடொளி விளக்குகளை பர்மா ஆயில் நிறுவனத்தின் எண்ணெய்த் தொட்டிகள் மீது பாய்ச்சிச் சுடத் தொடங்கியது.

தாக்குதல் ஏறத்தாழ பத்து நிமிடங்களே நீடித்தது. அதற்குள் 120க்கும் மேற்பட்ட குண்டுகள் வெடிக்கப்பட்டன. தொட்டிகள் தீப்பற்றி எரிந்தன. கரையில் இருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்டபோதும் எம்டனுக்குச் சேதமில்லை. சில குண்டுகள் இலக்கைத் தாண்டி நகருக்குள்ளும் உயர் நீதிமன்ற வளாகத்திலும் விழுந்தன. துறைமுகத்தில் நின்ற சுப்ரா என்ற வணிகக் கப்பலும் தாக்கப்பட்டது. குறைந்தது ஐவர் உயிரிழந்தனர், பலர் காயமடைந்தனர்.

நகரை அழிப்பது முல்லரின் நோக்கமாக இருக்கவில்லை என்பதே பொதுவான கருத்து. எரிபொருளை அழிப்பதும், கடலை ஆள்வது பிரிட்டனே என்ற நம்பிக்கையை இந்திய மக்களிடையே குலைப்பதுமே அவரது இலக்கு. அந்த இரண்டாவது நோக்கம் அவர் எதிர்பார்த்ததற்கும் மேலாகவே நிறைவேறியது. அடுத்தடுத்த நாள்களில் மக்கள் இரயிலிலும் வண்டியிலும் கால்நடையாகவும் நகரை விட்டு வெளியேறினர். கப்பல் காப்பீட்டுக் கட்டணங்கள் உயர்ந்தன. துறைமுகங்களில் வாணிகம் தடைப்பட்டது.

எம்டன் என்ற சொல் அஞ்சத்தக்க ஆள், கில்லாடி என்ற பொருளில் தமிழில் நிலைபெற்றது. மலையாளத்திலும் சிங்களத்திலும் அது புழங்கியது. 2006 ஆம் ஆண்டு எம்டன் மகன் என்று தொடங்கப்பட்ட தமிழ்த் திரைப்படம், பின்னர் எம் மகன் என்ற பெயரில் வெளியானது. தாக்குதல் நடந்து 90 ஆண்டுகளுக்கும் மேலான பின்னரும் சொல் உயிருடன் இருந்தமைக்கு இது சான்று.

இலங்கையிலும் அச்சம் பரவியது. கொழும்புக்கு அருகிலேயே கப்பல்கள் மூழ்கடிக்கப்பட்டன. யால வனத்தின் காவலராக இருந்த எங்கல்பிரெக்ட் என்ற போயர் இனத்தவர், எம்டனுக்கு இறைச்சி அளித்தார் என்ற வதந்தியின் பேரில் சிறையில் அடைக்கப்பட்டார்.

செண்பகராமன் பற்றிய நம்பிக்கை

எம்டன் சென்னையைத் தாக்கியபோது, விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை அக்கப்பலில் இருந்தார் என்ற நம்பிக்கை தமிழகத்தில் பரவலாக உண்டு. திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பத்தில் 1891 ஆம் ஆண்டு பிறந்த அவர், இளம் வயதிலேயே ஐரோப்பா சென்றவர். நகரின் மீது நேரடியாகக் குண்டு விழாமல் அவரே காத்தார் என்றும் கதைகள் வழங்குகின்றன.

ஆனால் கிடைக்கும் ஆவணங்கள் வேறு சித்திரத்தைத் தருகின்றன. 1914 ஆம் ஆண்டு செப்டம்பரில் செண்பகராமன் சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரில் இருந்தார். அங்கே இந்திய ஆதரவு அமைப்பொன்றின் தலைவராக, பிரிட்டிஷ் எதிர்ப்பு வெளியீடுகளை ஜெர்மனியில் பதிப்பிக்க அனுமதி கோரி, அந்நகரின் ஜெர்மன் தூதரகத்தை அவர் அணுகினார். அதே ஆண்டு அக்டோபரில் பெர்லினுக்குச் சென்றார். சீனாவில் இருந்து புறப்பட்டு வங்கக் கடலுக்கு வந்த கப்பலில் அவர் ஏறியிருக்க வாய்ப்பில்லை என்பதே வரலாற்றாய்வாளர் பலரின் முடிவு.

டீட்டிகோன், விண்டர்தூர் போன்ற நகரங்களில் இன்று ஈழத்தமிழர் வாழ்ந்துவரும் அதே சூரிச் மாநிலத்தில் இருந்துதான், ஒரு தமிழ் இளைஞர் அந்தப் போரைத் தம் நாட்டின் விடுதலைக்குப் பயன்படுத்த முயன்றார். அவருடைய பணிக்குப் பெருமை சேர்க்க எம்டன் கதை தேவையில்லை. முல்லரைப் பொறுத்தவரை, சென்னைத் தாக்குதலுக்கான பொறுப்பும் அதன் விளைவுகளும் அவருக்கே உரியவை.

பினாங்கும் கோக்கோஸ் தீவும்

சென்னையில் இருந்து இலங்கையைச் சுற்றிச் சென்ற எம்டன், அக்டோபர் மாதம் டியேகோ கார்சியாத் தீவில் கப்பலைச் சுத்தம் செய்யத் தங்கியது. போர் மூண்ட செய்தியே அத்தீவினருக்கு எட்டியிருக்கவில்லை. முல்லர் அதைச் சொல்லவும் இல்லை. ஜெர்மன் மாலுமிகள் தீவினர் ஒருவரின் இயந்திரப் படகைப் பழுதுபார்த்துக் கொடுத்துச் சென்றனர்.

அக்டோபர் 28 ஆம் நாள் விடியற்காலையில், போலிப் புகைபோக்கியுடன் பினாங்குத் துறைமுகத்தில் நுழைந்த எம்டன், ரஷ்யப் போர்க்கப்பல் செம்சுக்கை மூழ்கடித்தது. அதில் 80க்கும் மேற்பட்ட ரஷ்ய மாலுமிகள் மாண்டனர். வெளியேறும்போது எதிர்ப்பட்ட மூஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலும் மூழ்கியது. நீரில் தத்தளித்த பிரெஞ்சு மாலுமிகளில் 36 பேரை முல்லர் மீட்டார். இரு நாள்களுக்குப் பின் ஒரு பிரிட்டிஷ் வணிகக் கப்பலை நிறுத்தி, அவர்களை அதில் ஏற்றி அனுப்பினார்.

நவம்பர் 9 ஆம் நாள் எம்டன் கோக்கோஸ் தீவுக்கூட்டத்தை அடைந்தது. அங்கிருந்த தந்தி நிலையத்தை அழிப்பதற்காக முக்கேயின் தலைமையில் சுமார் 50 பேர் கரையிறங்கினர். நிலையத்துப் பணியாளர்களோ அதற்கு முன்பே அந்நியக் கப்பலின் வருகையைக் கம்பியில்லாத் தந்தி மூலம் அறிவித்துவிட்டனர்.

பதக்கங்களின் வரலாற்றில் வியப்பான ஒரு நிகழ்ச்சி அங்கே நடந்தது. எம்டனின் வீரர்களுக்குப் பேரரசர் இரும்புச் சிலுவை அறிவித்திருந்த செய்தி, கடலில் தனித்துத் திரிந்த அவர்களுக்குத் தெரியாது. செய்தி நிறுவனத் தந்தியின் மூலம் அதை அறிந்திருந்த பிரிட்டிஷ் பணியாளர்கள், தங்கள் நிலையத்தை உடைக்க வந்தவர்களுக்கே வாழ்த்துத் தெரிவித்தனர். தங்கள் பதக்கங்களைப் பற்றி அவர்கள் எதிரிகளின் வாயிலாகவே அறிந்தார்கள்.

அடுத்த சில மணி நேரத்தில் அந்தக் கப்பல் இல்லாமல் போனது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் படையினரை ஏற்றிச் சென்ற கப்பல்களுக்குக் காவலாக அருகே வந்துகொண்டிருந்த சிட்னி என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பல், ஜான் கிளாசப்பின் தலைமையில் விரைந்து வந்தது. எம்டனின் முதல் குண்டுகள் குறிதவறாமல் விழுந்தன. ஆயினும் சிட்னியின் பீரங்கிகள் பெரியவை. எம்டனின் குண்டுகள் எட்டாத தொலைவில் நின்று அது தாக்கியது. கப்பல் மூழ்கி அனைவரும் மடிவதைத் தவிர்க்க, முல்லர் அதை வடக்கு கீலிங் தீவின் பவளப் பாறை மீது ஏற்றினார்.

எம்டனில் 130க்கும் மேற்பட்டோர் மாண்டனர். சிட்னியில் இறந்தவர்கள் நால்வர். தந்தி நிலையத்தைத் தாக்கக் கப்பலை நிறுத்தியதே முல்லர் செய்த தவறு என்று போர் வரலாற்றாசிரியர் சிலர் கருதுகின்றனர். கரையில் சிக்கிய முக்கேயும் அவருடைய ஆள்களும் ஆயிஷா என்ற பாய்மரக் கப்பலில் தப்பி, சுமத்ரா, அரேபியா வழியாக 1915 ஆம் ஆண்டு கான்ஸ்டாண்டிநோபிளை அடைந்தனர்.

சிறைவாசமும் தாமதமாக வந்த விருதும்

முல்லரும் அதிகாரிகளும் தங்கள் வாள்களை வைத்துக்கொள்ள பிரிட்டிஷ் கடற்படைத் தலைமை அனுமதித்தது. தோற்ற எதிரிக்கு அளிக்கப்படும் அரிய மரியாதை அது. பின்னர் அவர் மால்ட்டாவில் சிறை வைக்கப்பட்டார். 1916 ஆம் ஆண்டு அக்டோபரில் தம் ஆள்களிடம் இருந்து பிரிக்கப்பட்டு இங்கிலாந்துக்குக் கொண்டு செல்லப்பட்டார். நாட்டிங்ஹாம் அருகே சட்டன் பானிங்டனில் வேளாண் கல்லூரி ஒன்றின் கட்டடங்கள் அதிகாரிகளுக்கான முகாமாக இருந்தன. 1917 ஆம் ஆண்டு செப்டம்பரில் அங்கிருந்து சுரங்கம் தோண்டி 20க்கும் மேற்பட்டோர் தப்பினர். முல்லரும் அவர்களுள் ஒருவர். விரைவிலேயே அவர் பிடிபட்டார்.

மலேரியா அவர் உடல்நிலையை மேலும் குலைத்தது. 1918 ஆம் ஆண்டு ஜனவரியில், கைதிகள் தொடர்பான மனிதாபிமான உடன்பாட்டின்கீழ் நடுநிலை நாடான நெதர்லாந்துக்கு அவர் அனுப்பப்பட்டார். அதே ஆண்டு மார்ச் மாதத்தில்தான் பூர் லெ மெரித் விருது அவருக்கு வழங்கப்பட்டது. கப்பலை இழந்து மூன்று ஆண்டுகளுக்கும் மேல் கடந்திருந்தன. அக்டோபரில் அவர் தாயகம் திரும்பினார்.

எம்டன் அழிந்ததற்குச் சரியாக நான்கு ஆண்டுகளுக்குப் பின், 1918 ஆம் ஆண்டு நவம்பர் 9 ஆம் நாள், பேரரசர் முடிதுறந்ததாக அறிவிக்கப்பட்டது. முல்லருக்கு விருது வழங்கிய அரசே மறைந்தது. பூர் லெ மெரித் போர் விருது அதன் பின் எவருக்கும் வழங்கப்படவில்லை.

எழுதப்படாத நூல்

1919 ஆம் ஆண்டு உடல்நலக் குறைவால் முல்லர் கடற்படையை விட்டு விலகி, ஹார்ஸ் மலைப்பகுதியின் பிளாங்கன்பூர்க் நகரில் குடியேறினார். 1920 ஆம் ஆண்டு யூட்டா ஃபான் ஹான்ஸ்டைனை மணந்தார். அவர்களுக்கு இரு பெண் குழந்தைகள். பிரவுன்ஷ்வைக் மாநில நாடாளுமன்றத்திற்கும் அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

எம்டனின் கதைக்கு அப்போது உலகெங்கும் வாசகர்கள் காத்திருந்தனர். துணைத் தலைவர் முக்கே எழுதிய நூல்கள் பெரும் புகழ் பெற்றிருந்தன. அதிகாரிகள் வேறு சிலரும் தங்கள் நினைவுகளைப் பின்னர் பதிப்பித்தனர். தலைவரான முல்லர் மட்டும் நூல் எழுத மறுத்துவிட்டார். தோழர்கள் சிந்திய இரத்தத்தைக் காசாக்குவதாகவே அது அமையும் என்ற உறுத்தல் அவருக்கு இருந்ததாக அறியப்படுகிறது. அன்றைய ஜெர்மனியில் பணவீக்கம் கடுமையாக இருந்தது, ஓய்வு பெற்ற அதிகாரிகள் பலர் வறுமையில் வாடினர் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் இந்த மறுப்பின் கனம் புரியும்.

1923 ஆம் ஆண்டு மார்ச் 11 ஆம் நாள் பிரவுன்ஷ்வைக்கில் முல்லர் காலமானார். அப்போது அவருக்கு வயது 49.

சேகரிப்போரின் கண்ணில்

எம்டனின் நினைவுப் பொருள்கள் இன்று பல நாடுகளில் சிதறிக் கிடக்கின்றன. அதன் பீரங்கி ஒன்று சிட்னி நகரின் ஹைட் பூங்காவில் நிறுவப்பட்டுள்ளது. சென்னையில் குண்டுச் சிதறல் ஒன்று கோட்டை அருங்காட்சியகத்தில் உள்ளது. உயர் நீதிமன்றச் சுற்றுச்சுவரில் நினைவுக் கல் ஒன்று பதிக்கப்பட்டுள்ளது. உயிர் பிழைத்த மாலுமிகள் தங்கள் குடும்பப் பெயருடன் எம்டன் என்ற பெயரைச் சேர்த்துக்கொள்ளும் உரிமை பெற்றனர்.

எம்டனின் சிதைவில் இருந்து ஆயிரக்கணக்கான மெக்சிகோ வெள்ளி நாணயங்களும் மீட்கப்பட்டன. சுமார் ஆயிரம் நாணயங்களின் மேல் மகுடமும் இரு கப்பல்களின் பெயர்களும் அமைத்து, சிட்னி நகரின் பொற்கொல்லர் நிறுவனம் ஒன்று பதக்கங்களாக்கியது. அவை சிட்னிக் கப்பலின் மாலுமிகளுக்கு வழங்கப்பட்டன. தோற்ற கப்பலின் பணமே வென்றவரின் பதக்கமானது. அவற்றையும் சேகரிப்போர் பெரிதும் விரும்புகின்றனர்.

விருப்பம் பெருகும்போது போலிகளும் பெருகுகின்றன. உண்மையான பதக்கங்களையே எடுத்து, வெவ்வேறு மனிதர்களுக்கு உரியவற்றை ஒன்றாகத் தைத்து, புகழ்பெற்ற ஒருவரின் பட்டை என்று விற்பதும் உண்டு. ஆகவே அனுபவமுள்ளோர் பதக்கங்களைப் பார்ப்பதற்கு முன் பட்டையின் பின்புறத்தைப் பார்க்கின்றனர். துணியும் தையலும் அக்காலத்தவையா என்று ஆராய்கின்றனர். பிற்காலத்து நூல்களில் கலந்துள்ள வெண்மையூட்டிகள் புற ஊதா ஒளியில் பளிச்சென்று மிளிரும். இரும்புச் சிலுவையின் நடுப்பகுதி பெரும்பாலும் இரும்பால் ஆனது என்பதால் காந்தமும் சோதனைக்கு உதவுகிறது.

இவற்றோடு வரலாற்று அறிவும் தேவை. முன்னாள் போர்வீரர்களுக்கான கௌரவச் சிலுவை 1934 ஆம் ஆண்டில்தான் உருவாக்கப்பட்டது. அந்தச் சிலுவை இடம்பெற்ற பட்டை எதுவும் அந்த ஆண்டிற்குப் பின் தைக்கப்பட்டதாகவே இருக்க வேண்டும். 1923 ஆம் ஆண்டிலேயே மறைந்த முல்லருடையது என்று அத்தகைய பட்டையை எவரேனும் காட்டினால், அது அவர் அணிந்ததாக இருக்க முடியாது.

ஆனால் பட்டை உண்மையானதாகவே இருந்தாலும் அது சொல்லக்கூடியவை சிலவே. நான்ஜிங் கோட்டைகளைத் தாக்கியதற்கு விருது உண்டு. எதிரிக் கப்பல்களை அழித்ததற்கும் உண்டு. மூழ்கிக்கொண்டிருந்த பிரெஞ்சு மாலுமிகளைக் காத்ததற்குத் தனிப் பதக்கம் இல்லை. சிக்கிய கப்பல்களின் இந்தியக் கடலோடிகளைப் பத்திரமாகக் கரைசேர்த்ததற்கும் இல்லை. நூல் எழுத மறுத்ததைக் குறிக்கும் நாடா எதுவும் கிடையாது.

மறுபுறம், சென்னைத் துறைமுகத்தில் அன்றிரவு மாண்டவர்களும் அந்தப் பட்டையில் இல்லை. கோக்கோஸ் தீவில் தம் தலைவரின் முடிவுக்கு உயிரை விலையாகக் கொடுத்த மாலுமிகளும் இல்லை. கண்ணியமான எதிரி என்ற புகழுரை முல்லருக்குப் பொருந்தும். ஆனால் அந்தக் கண்ணியம், அவர் நடத்திய போரில் இறந்தவர்களின் எண்ணிக்கையைக் குறைத்துவிடவில்லை. இதை முல்லரே உணர்ந்திருந்தார் என்பதைத் தான் அவர் எழுத மறுத்த நூல் காட்டுகிறது.

பதக்கப் பட்டைகளைச் சேகரிப்பது போரைப் போற்றுவதாகாது. ஒவ்வொரு பட்டைக்கும் உரியவர் யார், எந்தச் செயலுக்காக எந்த அரசு அதை வழங்கியது, அந்தச் செயலால் பாதிக்கப்பட்டோர் யார் என்ற கேள்விகளோடு அணுகும்போது, அது வரலாற்றுப் பணியாகவே அமைகிறது. எம்டனைப் பொறுத்தவரை, அந்தக் கேள்விகளில் கடைசிக் கேள்விக்கான விடையின் ஒரு பகுதி சென்னையில் இருக்கிறது. உயர் நீதிமன்றச் சுவரின் நினைவுக் கல்லைக் கடந்து செல்வோரில் பலர் இன்று அதை நின்று படிப்பதில்லை.